கடலோர வீட்டுக்குள் கள்ளி நாற்றுகள்: நீரும் பராமரிப்பும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டி முதல் சாயல்குடி வரையிலும், பாம்பனைக் கடந்து இராமேசுவரம் தீவிலும், வீட்டுக்குள் விதை போட்டுக் கள்ளி வளர்க்க விரும்புவோர் பெருகி வருகிறார்கள். மண்டபத்தில் கடலுக்குக் கூப்பிடு தொலைவில் உள்ள வீட்டில் பல ஆண்டுகளாக நாற்றுத் தட்டுகளோடு பழகிவருபவன் என்ற முறையில், நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். முளைத்த நாள் முதல் ஏறத்தாழ ஒன்றரை வயது வரையிலான நாற்றுகளைப் பற்றியே இதில் பேசுகிறேன்.

கள்ளிக்குத் தண்ணீரே தேவையில்லை என்கிறார்கள். நாற்றுக்கு மட்டும் ஏன் அடிக்கடி நீர் தர வேண்டும்?

வளர்ந்த கள்ளி தன் உடலையே நீர்த்தொட்டியாக வைத்திருக்கிறது. தடித்த தோலும் மெழுகுப் பூச்சும் அந்த நீரைக் காக்கின்றன. முளைத்து ஒரு மாதமான நாற்றோ கடுகளவுதான் இருக்கும். அதன் வேர் தலைமுடி போல் மெல்லியது. தோல் இன்னும் இறுகவில்லை. அதனிடம் சேமிப்பு என்று சொல்லத்தக்கது எதுவுமில்லை. மண்ணின் மேற்பரப்பு தொடர்ந்து சில நாள்கள் முற்றிலும் காய்ந்துவிட்டால் அந்த நுனிவேர் கருகிப்போகும். பிறகு ஊற்றும் நீரை உறிஞ்ச ஆளில்லை.

பாலைவனத்திலும் கள்ளி விதைகள் வறட்சியில் முளைப்பதில்லை. மழை பெய்து மண் ஈரமாக இருக்கும் சில வாரங்களில், பெரும்பாலும் வேறொரு புதரின் நிழலில் முளைக்கின்றன. அமெரிக்காவின் சொனோரா பாலைவனத்தில் வளரும் சகுவாரோ என்ற மாபெரும் கள்ளி, பாலோ வெர்டே போன்ற மரங்களின் அடியில்தான் குழந்தைப் பருவத்தைக் கடக்கிறது. பத்து வயதிலும் அதன் உயரம் சில சென்டிமீட்டர்தான். ஆகவே பெரிய செடிக்குச் சொல்லப்படும் விதியை நாற்றின்மேல் சுமத்தாதீர்கள். முதல் ஆறு மாதங்களில் இறக்கும் நாற்றுகளில் கணிசமானவை, அழுகிவிடும் என்ற அச்சத்தால் தாகத்தில் விடப்பட்டவை என்பது என் அனுபவம்.

நம் ஊரில் வேலியோரம் நிற்கும் கள்ளியும் இதுவும் ஒன்றுதானா?

இல்லை. சதுரக்கள்ளி, திருகுகள்ளி, இலைக்கள்ளி ஆகியவை ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தவை. கிள்ளினால் பால் வடியும். நாம் இங்கே பேசுவது காக்டஸ் குடும்பம். இதில் பெரும்பாலானவற்றைக் கிள்ளினால் நீர்த்த சாறுதான் வரும். முட்கள் சிறு பஞ்சுத் திட்டு போன்ற முள்மெத்தையிலிருந்து கிளம்பும். ஏறக்குறைய அனைத்துமே அமெரிக்கக் கண்டங்களில் தோன்றியவை. நம் கடற்கரையெங்கும் கிடக்கும் சப்பாத்திக்கள்ளியும் அப்படி வந்ததே. அது தென்னிந்தியாவில் அளவுக்கு மீறிப் பரவியபோது, அதைக் கட்டுப்படுத்துவதற்காக 1926ஆம் ஆண்டில் இலங்கையிலிருந்து ஒரு வகைக் கோச்சினீல் பூச்சியைக் கொண்டுவந்து விட்டார்கள். அது மாவுப்பூச்சிக்கு நெருங்கிய உறவு. வீட்டருகே உள்ள சப்பாத்திக்கள்ளியில் வெண்பஞ்சு ஒட்டியிருந்தால் அதைத் தொட்ட கையோடு நாற்றுத் தட்டை எடுக்க வேண்டாம்.

எந்தத் தண்ணீரை ஊற்றலாம்? ஆழ்துளைக் கிணற்று நீர் போதாதா?

எவ்வளவு நீர், எத்தனை நாளுக்கு ஒரு முறை என்றே எல்லோரும் கேட்கிறார்கள். நம் கடற்கரையில் அதற்கு முன்னே கேட்க வேண்டியது, எந்த நீர் என்பதுதான். நான் முதன்முதலில் விதைத்த இரண்டு தட்டு நாற்றுகளும் நன்றாக முளைத்தன. மூன்றாம் மாதத்தில் வளர்ச்சி நின்றது. மண்மேல் வெள்ளைப் பொருக்கு பூத்தது. ஒவ்வொன்றாகச் சுருங்கிப் பழுப்பேறி மடிந்தன. பூஞ்சை என்று எண்ணி மருந்து தெளித்தேன். காரணம் பூஞ்சையன்று, நான் ஊற்றிவந்த உவர்நீர். கரைந்துள்ள உப்பை அளக்கும் சிறு டி.டி.எஸ். மீட்டரை வாங்கி எங்கள் கிணற்று நீரில் வைத்தபோது அது ஆயிரத்துக்கு மேல் காட்டியது.

மண்ணில் உப்பு கூடினால் ஈரம் இருந்தும் வேரால் அதை எளிதில் இழுக்க முடியாது. வயற்காட்டில் உவர் ஏறிய மண்ணில் நெல் நாற்று வாடுவதும் இதனால்தான். குடிநீருக்கான இந்தியத் தர அளவு, லிட்டருக்கு 500 மில்லிகிராம் கரைந்த திடப்பொருளை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் கிடைக்காதபோது 2,000 வரை பொறுக்கலாம் என்றும் வகுக்கிறது. நாம் குடித்துப் பழகிய நீர் என்பதாலேயே அது நாற்றுக்கு ஏற்றதாகிவிடாது. மீட்டர் 200க்குள் காட்டும் நீரையே நான் நாற்றுக்குப் பயன்படுத்துகிறேன்.

அதற்குச் சிறந்தது மழைநீர். நம் மாவட்டத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 800 மில்லிமீட்டரைச் சற்று ஒட்டியே மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வந்துவிடும். ஒரு சதுர மீட்டர் மாடியில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். பத்து சதுர மீட்டர் மொட்டைமாடியில் ஒரே நாளில் 20 மில்லிமீட்டர் பெய்தால் 200 லிட்டர் கிடைக்கும். நான்கைந்து நாற்றுத் தட்டுகளுக்கு ஆண்டு முழுதும் இரண்டு மூன்று 20 லிட்டர் கேன்களே போதும். ஆனால் முதல் மழையைப் பிடிக்காதீர்கள். கோடை முழுதும் கடற்காற்று கொண்டுவந்து படியவைத்த உப்பும் தூசியும் அந்த நீரோடுதான் இறங்கும். இரண்டாம், மூன்றாம் மழையை மல்துணியில் வடிகட்டி, வெளிச்சம் படாத இடத்தில் மூடிவையுங்கள்.

ஊரணி நீர் உப்பில் குறைந்ததுதான். ஆனால் பாசியும் கிருமியும் இருக்கும். தேற்றாங்கொட்டை தேய்த்துத் தெளியவைத்தாலும் அவை போவதில்லை. காய்ச்சி ஆறவைத்தே ஊற்ற வேண்டும். காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் ஊர்களில், அந்த நீரை மீட்டரில் பார்த்துவிட்டு, குளோரின் நெடி போக ஓர் இரவு திறந்துவைத்துப் பயன்படுத்தலாம். ஆர்.ஓ. நீர் நன்று. அறையைக் குளிர்விக்கும் ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரிலும் உப்பு மிகக் குறைவு, அதையும் காய்ச்சிக்கொள்ளுங்கள்.

உவர்நீரைக் காய்ச்சினால் உப்பு போய்விடாதா?

போகாது. சுண்ணாம்பில் ஒரு பகுதி பாத்திரத்தின் அடியில் படியும். சோடியம் உப்பு அப்படியே இருக்கும். நீர் ஆவியாகிக் குறைவதால் அதன் செறிவு கூடவே செய்யும். சிலர் எலுமிச்சைச் சாறோ வினிகரோ சில துளி விடச் சொல்கிறார்கள். அது நீரின் காரத்தன்மையைக் குறைக்கும், உப்பைக் குறைக்காது.

எத்தனை நாளுக்கு ஒரு முறை நீர் ஊற்ற வேண்டும்?

நாள் கணக்கு சொல்ல நான் தயங்குகிறேன். ஏனெனில் வாடைக் காற்று வீசும் மார்கழியில் ஐந்து நாள் ஈரமாக இருக்கும் அதே தட்டு, கச்சான் காற்று அடிக்கும் ஆடியில் ஒன்றரை நாளில் உலர்ந்துவிடுகிறது. நாற்றின் வயதையும் மண்ணின் நிலையையும் பாருங்கள்.

விதைத்ததிலிருந்து முதல் நான்கு முதல் ஆறு வாரம் வரை தட்டு மூடிய பெட்டிக்குள் இருக்கும். மூடியின் உட்புறம் காலையில் மெல்லிய பனி போல் நீர் படிந்திருந்தால் எதுவும் செய்ய வேண்டாம். அந்தப் படிவு மறையத் தொடங்கினால் அடிவழியாகச் சிறிது நீர் கொடுங்கள். மூடியைத் திறந்த பின், ஆறு மாதம் வரை, மேல்மண் நிறம் வெளுத்த அன்றோ மறுநாளோ நீர் தர வேண்டும். அதற்கு மேல் தள்ளிப்போட வேண்டாம். ஆறு மாதம் தாண்டி, உடல் மிளகைவிடப் பெரிதாகி, முட்கள் ஒழுங்காக வந்துவிட்டால், ஒரு பல்குச்சியை மண்ணில் செருகிப் பார்த்து, பாதி ஆழம் வரை உலர்ந்த பிறகு ஊற்றலாம். ஓராண்டுக்குப் பின் இடைவெளியைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள்.

தட்டைக் கையில் தூக்கிப் பார்ப்பது இவை எல்லாவற்றையும்விட நம்பகமான வழி. நீர் நிறைந்த தட்டின் கனமும் உலர்ந்த தட்டின் கனமும் பத்து நாளில் கைக்குப் பழகிவிடும்.

மேலிருந்து ஊற்றலாமா, கீழிருந்தா?

முதல் ஆறு மாதம் கீழிருந்துதான். அகலமான தாம்பாளத்தில் விரற்கடை உயரம் நீர் விட்டு, அடியில் துளையிட்ட நாற்றுத் தட்டை அதில் வையுங்கள். மேல்மண் கறுத்து ஈரம் தெரிந்ததும், பெரும்பாலும் கால் மணி நேரத்தில், எடுத்து வடியவிடுங்கள். மேலிருந்து ஊற்றினால் நாற்று புரளும். வேர் வெளியே வரும்.

ஆனால் கீழிருந்து மட்டுமே நீர் கொடுத்துக்கொண்டிருந்தால், நீரில் உள்ள சிறிதளவு உப்பும் மேலேறி மேல்மண்ணில், அதாவது நாற்றின் கழுத்தைச் சுற்றி, சேர்ந்துவிடும். நம் ஊரில் இது கவனிக்க வேண்டிய ஒன்று. ஆகவே நாற்று வேர்பிடித்த பிறகு, இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, தூய மழைநீரை மென்மையான பூவாளியால் மேலிருந்து நிறைய ஊற்றி, அடித்துளை வழியே வடியவிட்டு, உப்பைக் கழுவிவிடுங்கள். அதைக் காலையில் செய்து, மாலைக்குள் மேற்பரப்பு காயும்படி மின்விசிறிக் காற்றில் வையுங்கள்.

மண்கலவைக்குக் கடற்கரை மணலை அலசிப் பயன்படுத்தலாமா?

வேண்டாம். பலமுறை அலசினால் உப்பு குறையலாம். கிளிஞ்சல் துகள்கள் போகா. அவை சுண்ணாம்பு, மண்ணைக் காரமாக்கும். கள்ளி நாற்றுகளில் பெரும்பாலானவை சற்றே அமிலத்தன்மை உள்ள மண்ணையே விரும்புகின்றன.

சலித்த ஆற்றுமணலின் பருமணி இரண்டு பங்கு, செங்கல் துகள் ஒரு பங்கு, கரித்தூள் அரைப் பங்கு, தென்னை நார்த்தூள் ஒரு பங்கு என்பது எனக்குக் கைகொடுத்த கலவை. கரிக்கு நமக்குக் குறைவில்லை. மாவட்டமெங்கும் சீமைக்கருவேலத்தை மூட்டம் போட்டுக் கரியாக்குகிறார்கள். சாம்பலைச் சலித்து நீக்கிவிட்டுக் கரியை மட்டும் எடுங்கள். சாம்பல் காரத்தை ஏற்றும். நார்த்தூளில் இயல்பாகவே உப்பு உண்டு. அதை நல்ல நீரில் மூன்று நான்கு முறை ஊறவைத்துப் பிழியாமல் சேர்க்கக் கூடாது. கலவை முழுவதையும் ஈரப்படுத்தி, பழைய இட்லிப் பானையில் அரை மணி நேரம் ஆவியில் வேகவைத்து ஆறவிட்டுப் பயன்படுத்தினால் பூஞ்சை வித்துகளும் பூச்சி முட்டைகளும் பெருமளவு அழிந்துவிடும்.

மூடியை எப்போது திறப்பது?

பெரும்பாலான விதைகள் முளைத்து, நாற்றின் உச்சியில் முதல் முட்கள் தெரியும்போது. ஒரேயடியாகத் திறக்காதீர்கள். முதல் வாரம் மூடியில் சூடான ஊசியால் ஐந்தாறு துளைகள். அடுத்த வாரம் மூடியைச் சற்று நகர்த்திவையுங்கள். மூன்றாம் வாரம் பகலில் திறந்து இரவில் மூடுங்கள். கடலோரக் காற்றில் ஈரப்பதம் மிகுதியாதலால் மதுரைப் பக்கத்து வீடுகளைவிட நமக்கு இது எளிது.

வீட்டுக்குள் எவ்வளவு வெளிச்சம் தேவை?

கிழக்குச் சன்னலின் காலை வெளிச்சம், மெல்லிய வெள்ளைத் துணியில் வடிகட்டப்பட்டு வருவது நல்லது. மேற்குச் சன்னலின் பிற்பகல் வெயில், அதுவும் மூடிய பெட்டியின்மேல், சிறிது நேரத்திலேயே நாற்றுகளை வேகவைத்துவிடும். சன்னல் இல்லாத இடத்தில் 20 வாட் வெள்ளை எல்.இ.டி. குழல்விளக்கை நாற்றிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தொங்கவிட்டு, நாளொன்றுக்கு 12 முதல் 14 மணி நேரம் எரியவிடலாம். நாற்று சிவந்து கறுத்தால் வெளிச்சம் மிகுதி; வெளிறி, மெலிந்து, ஒரு பக்கமாக நீண்டால் குறைவு. நீண்டுபோன உடல் பிறகு திருந்தாது. சிவந்தது நிழலுக்கு மாற்றினால் பச்சையாகிவிடும்.

நாற்றுகள் கண்ணாடி போல் ஒளி ஊடுருவி, அடியில் மெலிந்து சாய்கின்றன. என்ன நோய்?

நாற்றழுகல். மண்ணில் வாழும் பித்தியம், ரைசோக்டோனியா போன்ற நோயுயிரிகள் இதற்குக் காரணம். தாகத்தால் வாடும் நாற்று சுருங்கி, மங்கி, மண்ணுக்குள் இறங்கியதுபோல் தெரியும். தொட்டால் உறுதியாக இருக்கும். அழுகும் நாற்று தொட்டால் குழையும். இந்த வேறுபாட்டை அறியாமல் இரண்டுக்கும் ஒரே மருந்து பார்ப்பதால்தான் பலர் தட்டையே இழக்கிறார்கள்.

அழுகியதைச் சுற்றியுள்ள மண்ணோடு கரண்டி நுனியால் அன்றைக்கே எடுத்து எறியுங்கள். மூடியைத் திறந்து காற்று படவிடுங்கள். காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியை லிட்டருக்கு 2 கிராம் வீதம் கரைத்து ஒரு முறை தெளிக்கலாம். கையுறையும் முகமூடியும் அணிந்து, குழந்தைகள் இல்லாத இடத்தில் செய்யுங்கள். வருமுன் காக்க, வேளாண் கிடங்குகளிலும் உரக்கடைகளிலும் கிடைக்கும் ட்ரைக்கோடெர்மா விரிடியை ஆவியில் வேகவைத்து ஆறிய கலவையில் சேர்ப்பது நல்ல பழக்கம். அதுவும் உயிருள்ள பூஞ்சையே என்பதால், அதையும் காப்பர் மருந்தையும் ஒரே வேளையில் போடாதீர்கள்.

மண்மேல் பச்சைப் பாசி படர்கிறதே?

நாற்றைக் கொல்லாது; ஆனால் மேலோடு போல் இறுகி, காற்றையும் நீரையும் தடுக்கும். ஈரத்தைச் சற்றுக் குறைத்து, குச்சியால் மெல்லக் கீறிவிட்டு, சலித்த பருமணலை ஒரு நெல் கனத்துக்குத் தூவுங்கள்.

சிறு கறுப்பு ஈக்கள், எறும்பு, மாவுப்பூச்சி?

மண்ணைச் சுற்றிப் பறக்கும் அந்த ஈக்களின் புழுக்கள் நாற்றின் வேரைத் தின்னும். மஞ்சள் ஒட்டட்டையை வையுங்கள். மேலே சொன்ன பருமணல் தூவலும் உதவும். எறும்பு இருவகையில் தொல்லை: விதையைத் தூக்கிச் செல்லும், மாவுப்பூச்சியைக் கொண்டுவந்து காக்கும். பாட்டிமார் சமையலறை அலமாரியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துவார்களே, நாற்று மேசைக்கும் அதையே செய்யுங்கள். மாவுப்பூச்சியை மென்தூரிகையில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்டு, பூச்சியின்மேல் மட்டும் தடவி எடுங்கள். வேப்பெண்ணெய்க் கரைசல் இளம் தோலைக் கருக்கக்கூடும். ஆறு மாதத்துக்குட்பட்ட நாற்றில் நான் பயன்படுத்துவதில்லை.

குளிர்காலத்தில் நீரை நிறுத்திவிட வேண்டும் என்று படித்தேன். நமக்கும் பொருந்துமா?

அது பனி விழும் நாடுகளுக்குச் சொன்னது. அங்கே குளிரும் ஈரமும் சேர்ந்தால் வேர் அழுகும். நம் மார்கழி இரவிலும் கடலோரத்தில் வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. நாற்றுகள் வளர்ந்துகொண்டேதான் இருக்கும். நீரை நிறுத்தினால் தாகத்தில் மடியும். ஐப்பசி, கார்த்திகையில் நமக்குள்ள இடர் வேறு: நாள்கணக்கில் மூடிய வானம், குறைந்த வெளிச்சம், உலராத காற்று. அந்த நாள்களில் நீரின் இடைவெளியைக் கூட்டுங்கள், விளக்கு நேரத்தைக் குறைக்காதீர்கள், மின்விசிறியை மெல்ல ஓடவிடுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் சன்னலோரத் தட்டுகளை முதலில் உள்ளே எடுங்கள். சாரலில் கலந்த கடலுப்பு ஒரே இரவில் தட்டை நனைத்துவிடும்.

சித்திரை, வைகாசியில் வளர்ச்சி நின்றுவிடுகிறது. நீர் போதவில்லையா?

பெரும்பாலும் நீர்க்குறையன்று. கள்ளிகள் பகலில் இலைத்துளைகளுக்கு ஒப்பான தம் தோல்துளைகளை மூடிக்கொண்டு, இரவில் திறந்து கரிவளியை (கார்பன் டை ஆக்சைடை) ஈர்ப்பவை. இரவும் வெந்து புழுங்கினால் அந்த வேலை மந்தமாகிவிடும். அப்போது நீரைக் கூட்டினால் பயன்படுத்தப்படாத ஈரம் மண்ணில் தங்கி அழுகலுக்கு வழிவிடும். மாலை சாய்ந்த பின் நீர் கொடுத்து, இரவில் காற்றோட்டமான அறையில் வையுங்கள். ஆண்டீசு மலையின் உயரங்களில் வளரும் ரெபூசியா போன்றவை இந்த இரவுகளைத் தாங்கா. அவற்றை இங்கே முயல வேண்டாம் என்பதே என் கருத்து.

அப்படியானால் எவற்றை விதைக்கலாம்?

முதல் முயற்சிக்குக் கடையில் வாங்கிய டிராகன் பழம் போதும். அதுவும் கள்ளி வகைதான். ஒரு கரண்டிச் சதையை வடிகட்டியில் தேய்த்துக் கழுவி, விதைகளைத் தாளில் உலர்த்தி விதைத்தால், ஒரு வாரம் பத்து நாளில் முளைக்கும். மரத்தில் படர்ந்து வளரும் இனமாதலால் மற்ற நாற்றுகளைவிட நீர் அதிகம் கேட்கும். கை பழக நல்ல ஆசான். ஆஸ்ட்ரோஃபைட்டம் விதைகள் புதியனவாக இருந்தால் மூன்று நாளிலேயே முளை காட்டும். ஜிம்னோகாலிசியம் வீட்டுக்குள் உள்ள மிதமான வெளிச்சத்தைப் பொறுத்துக்கொள்ளும்.

நம் கடற்கரைக்கென்றே பிறந்ததுபோல் இருப்பது மெலோகாக்டஸ். கரீபியன் தீவுகளில் இதன் சில இனங்கள் கடற்காற்று படும் இடங்களிலேயே வளர்கின்றன. குளிரைத் தாங்காத இந்தச் செடிக்காகப் பனிநாட்டார் அறையைச் சூடாக்குகிறார்கள்; நமக்கு அந்தக் கவலையில்லை. பல வண்ணக் கள்ளி விதை என்று பளிச்சிடும் படங்களோடு விற்கப்படுபவற்றை வாங்காதீர்கள். சிவப்பும் மஞ்சளுமாகத் தெரியும் அந்த உருண்டைகள், பச்சையம் இல்லாத செடிகளை வேறொரு கள்ளியின்மேல் ஒட்டுக்கட்டியவை. விதையிலிருந்து தாமாக வாழ மாட்டா.

உரம் தேவையா?

மூன்று மாதத்துக்குப் பிறகு, மாதம் ஒரு முறை, தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள 19:19:19 கரையும் உரத்தை லிட்டருக்கு அரை கிராம் மட்டும் கலந்து கொடுங்கள். உரமும் உப்புதான் என்பதை மறக்க வேண்டாம். மழைநீரில் மட்டுமே கலக்குங்கள்.

பத்து நாள் ஊருக்குப் போக வேண்டியிருந்தால்?

ஆறு மாதத்துக்குட்பட்ட நாற்று என்றால், நன்றாக அடிநீர் கொடுத்து வடியவிட்டு, துளையிட்ட மூடியைப் போட்டு, நேர் வெயில் படாத வெளிச்சமான இடத்தில் வைத்துவிட்டுச் செல்லலாம். அக்கம்பக்கத்தாரிடம் நீர் ஊற்றச் சொல்லாதீர்கள். அன்பு மிகுதியால் நாள்தோறும் ஊற்றிவிடுவார்கள், அதுவும் கிணற்று நீரை.

எப்போது பிரித்து நடுவது?

ஒன்றையொன்று நெருக்கித் தொட்டு, பட்டாணி அளவுக்கு வந்ததும். பெரும்பாலும் எட்டு மாதம் முதல் ஓராண்டுக்குள் அந்த நிலை வரும். முதல் நாள் தட்டுக்கு நீர் கொடுத்து, மண் இளகியிருக்கும்போது மரக்குச்சியால் அடியிலிருந்து நெம்பி எடுங்கள். உலர்ந்த கலவையில் நட்டு மூன்று நாள் விட்டு நீர் கொடுங்கள். வேரில் பட்ட கீறல்கள் அதற்குள் ஆறிவிடும். பெரிய செடிக்குச் செய்வதுபோல் இரண்டு வாரம் காயப்போட்டால் நாற்று தாங்காது. ஒன்றரை வயதுக்குப் பின் மாடிக்குக் கொண்டுபோக விரும்பினால், தை மாதத்தில் தொடங்கி, முதல் வாரம் காலை ஒரு மணி நேரம் மட்டும் வெளியே வைத்து, வாரத்துக்கு ஒரு மணி நேரமாகக் கூட்டுங்கள். பங்குனி வெயில் ஏறுவதற்குள் தோல் பழகிவிடும்.